வதனியின் காதுகளோடு சிட்னிக்கு

1977 ஜனவரி, இரண்டாவது திங்கட்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு மெல்பேர்ன் ஸ்பென்சர் வீதி நிலையத்திலிருந்து சிட்னி போகும் பகல் ரயில் புறப்பட்டது. நானும் என் ஆறு வயது மகள் வதனியும் யன்னலோரம் இருந்தோம். துறைமுகத்தையும் பாலத்தையும் பற்றி அறிய ஆசைப்படுகிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர் தாண்டி நான் போனது ஒரு சீன மருந்துக் கடைக்கு.

வதனிக்கு மூன்று கோடையாகக் காது வடிகிறது. டிசம்பர் பிறந்து நீச்சல் குளம் திறந்தால் போதும். முதலில் மூக்கு ஒழுகும் தடிமன், பிறகு காதுக்குத்து, பிறகு தலையணையில் மஞ்சள் கறை. கிளென் வேவர்லியில் எங்கள் டொக்டர் ஒவ்வொரு முறையும் அதே இளஞ்சிவப்பு மருந்தை எழுதித் தருவார். பத்து நாளில் நிற்கும், அடுத்த மாதம் திரும்பி வரும். நானும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தோறும் முழுக்கு வார்க்கும்போது, உள்ளிப் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூடு ஆறவிட்டு இரண்டு காதிலும் இரண்டு துளி விட்டுப் பஞ்சு வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

வருட முடிவில் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். பிள்ளை எதையும் கவனிப்பதில்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, பெப்ரவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் இப்படியே இருந்தால் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்ற வேண்டி வரும் என்றார். என் பிள்ளை நாலு வயதில் எழுத்துக் கூட்டி வாசித்தவள். காதுக்குத்தோடு இருக்கிற பிள்ளை எதைக் கவனிக்கும்? அடுத்த கோடைக்குள் இந்தக் காதையும் தடிமனையும் நிறுத்தியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

அப்போதுதான் யோகத்தின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது சிட்னியில் நார்த்மீட்டில் இருக்கிறாள். அவளுடைய மகள் குமுதாவுக்கும் இதே தடிமன், இதே காதாம். டிக்சன் வீதியில் ஒரு சீன வைத்தியர் கோடையிலேயே ஏதோ செய்து விட்டாராம், இரண்டு வருடமாக ஒரு தும்மல் இல்லையாம். 

"டொக்டர் இருக்கேக்கை சீனக் கடைக்கு ஏன் இவ்வளவு தூரம்?" என்றார் என் கணவர்.

"நீங்கள் காய்ச்சலுக்கு மல்லி அவிச்சுக் குடிக்கிறியளே, அது எந்த டொக்டர் எழுதித் தந்தது?" என்று கேட்டேன். மனிதர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

காலை பத்து மணி. செய்மூர் தாண்டியதும் வெயில் ஒரு மாதிரியாக மாறியது. எங்கோ காடு எரிகிறது என்று சொன்னார்கள். புகை எங்களுக்கு மணக்கவில்லை. ஆனால் சூரியன் செங்கட்டி நிறத்தில், நேராகப் பார்க்கக்கூடிய மாதிரி நின்றது. வயல்வெளி முழுக்கக் காய்ந்த மஞ்சள். ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. குளிரூட்டிய பெட்டி என்பதால் யன்னல்கள் திறபடாது. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் மரங்கள் பேயாட்டம் ஆடின, இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

எதிர் இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். வங்கரட்டாவில் தேநீர் வாங்கியபோது (இருபது சதம், வெறும் சுடுதண்ணீர்) எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். நல்ல மனுசி. ஆனால் வதனி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படிப் பார்க்கக்கூடாதம்மா" என்று தொடையில் தட்டினேன். ஒரு நிமிடம் குனிந்தாள், திரும்பவும் பார்த்தாள்.

மதியம் பன்னிரண்டரை. ஆல்பரிக்குக் கிட்ட, மறே ஆற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. வதனி ஆங்கிலத்தில் அந்த அம்மாவைக் கேட்டாள்: "கொலின் யார்?"

பின்னல் ஊசி நின்றது. அந்த அம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றிப் போனதைக் கண்ணால் கண்டேன். "நான் ஒரு வார்த்தையும் பேசவில்லையே" என்றார் என்னைப் பார்த்து. உண்மைதான். அவர் ஒரு மணி நேரமாக வாயே திறக்கவில்லை என்று நானும் சத்தியம் செய்திருப்பேன்.

"கொலின் என் மகன். இறந்து ஏழு வருடம்" என்றார் பிறகு. கம்பளியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"அந்தப் பேரை எப்படியடி தெரியும்?" என்று வதனியைப் பிடித்து உலுக்கினேன். "அவதான் சொன்னவ" என்றாள். அவ்வளவுதான் பதில். சிட்னி போய்ச் சேரும்வரை, அதாவது இன்னும் ஒன்பது மணி நேரம், நான் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேனே தவிர அவளைத் தொடவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. நார்த்மீட், பரமட்டாவுக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு மேட்டு நிலம். யோகத்தின் வீட்டுக்குப் பின்னால் யூக்கலிப்டஸ் மரங்கள், அவற்றில் சில்வண்டுகள். நம்மூர்ச் சில்வண்டு என்று நினைக்காதீர்கள். இவை பட்டப்பகலில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கத்துகின்றன. முற்றத்தில் யோகமும் நானும் கத்திக் கத்தித்தான் கதைத்தோம். குமுதா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். வதனி மட்டும் மரத்தடியில் தனியே இருந்து இலை பொறுக்கினாள். இவளுக்கு இந்தச் சத்தம் ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

குமுதா குளிக்கும்போது யோகம் அவள் முதுகைக் காட்டினாள். தோளுக்குக் கீழே மூன்று சோடியாக வட்டத் தழும்புகள், பழைய சதக் காசு அளவில். "பயப்படாதை. கடுகும் இஞ்சிச்சாறும் அரைச்சு ஒட்டுறது. கொஞ்ச நேரம் எரியும், பிறகு மங்கிப் போகும்" என்றாள். எனக்கென்னவோ யாரோ விரலால் எண்ணி அடையாளம் வைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் சமையல் குசினிக்குள் கதவு, கண்ணாடி யன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம், இலையான் மொய்க்கும் தொல்லை. யோகம் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாத சங்கதி ஒன்றைச் சொன்னாள். இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். போனமுறை கலைந்துபோனதால் தாய்க்குக்கூட எழுதவில்லையாம். பத்து நிமிடம் போயிருக்கும், முற்றத்திலிருந்து வதனி வந்தாள்.

"யோகம் அன்ரி, பேபி எப்ப வரும்?"

யோகத்தின் கை வயிற்றுக்குப் போனது. "ஆரடி உனக்குச் சொன்னது?"

"நீங்கள்தான்."

யோகம் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "குறை நினையாதை. உன்ரை பிள்ளையிலை என்னவோ இருக்கு. சும்மா கண்ணூறு, நாவூறு எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். பேய் பிசாசு என்று பேசுகிறவளே இல்லை. அன்று மாலை செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வதனியின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டோம். வீடு முழுக்கக் கமறியது. பிள்ளை இருமிக்கொண்டே என் வாயைத்தான் பார்த்தாள்.

புதன்கிழமை, காலை பத்து மணி. பரமட்டாவிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து டிக்சன் வீதிக்குப் பத்து நிமிட நடை. மருந்துக் கடை ஒடுக்கமானது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கண்ணாடிப் போத்தல்களுக்குள் காய்ந்த கடற்குதிரைகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. தாடி வைத்த ஒரு கிழவரை நான் எதிர்பார்த்தேன். உள்ளேயிருந்து வந்தவர் ஐம்பது வயதுப் பெண், பூப்போட்ட கவுண், காலில் ரப்பர்ச் செருப்பு. பெயர் மிஸிஸ் வொங். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சிட்னிதான். ஆங்கிலம் எங்கள் தெருப் பால்காரனின் ஆங்கிலம் போலவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், சும்மா சொல்லக்கூடாது.

வதனியின் நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார். காதுக்குள் ஒரு பஞ்சுக் குச்சியை மெல்லத் தொட்டு எடுத்து மூக்கருகில் வைத்தார். "இது என்ன, உள்ளியா?"

பெருமையோடு சொன்னேன். சனி முழுக்கு, நல்லெண்ணெய், பஞ்சு, எல்லாம்.

அவர் எழுந்து பிள்ளைக்குப் பின்னால் போனார். மருந்து நிறுக்கும் பித்தளைத் தட்டை எடுத்து ஒரு கரண்டியால் தட்டினார். எனக்குப் பல் கூசியது. வதனி எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தட்டு, இன்னும் பலமாக. அப்போதுதான் தலையைப் பாதி திருப்பினாள், அதுவும் வேறு பக்கத்துக்கு.

மிஸிஸ் வொங் முன்னால் வந்து குந்தினார். பிள்ளையின் முகத்துக்கு நேரே வாயை மட்டும் அசைத்தார். துளி சத்தம் வரவில்லை.

"யெஸ் பிளீஸ்" என்றாள் வதனி.

"ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன்" என்றார் அவர் என்னைப் பார்த்து.

கடையின் இழுப்பறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. அந்த அம்மா ரயிலில் பின்னிக்கொண்டே வாய்க்குள் மகனோடு பேசியிருக்கிறார். யோகம் குசினிக் கண்ணாடிக்கு உள்ளே நின்று பேசியிருக்கிறாள். மரம் முழுக்கக் கத்திய சில்வண்டு என் பிள்ளைக்கு ஒரு பொருட்டே இல்லை. யாருக்கும் தெரியாமல், தானே வாய் பார்த்துப் படித்திருக்கிறாள். நானோ மிளகாய் சுற்றி எரித்தேன்.

"முதுகில் ஒட்டுவீர்களே, அதைச் செய்யுங்கள்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இன்றைக்கு மாட்டேன். என் வேலை வருமுன் தடுப்பது. இது வந்து கனகாலம். இடது காதின் சவ்வில் ஓட்டை இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஓட்டைக்குள்ளால் எண்ணெய் விடக்கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. காது டொக்டர் பார்த்துச் சுகமாக்கிய பிறகு அடுத்த கோடைக்கு வா."

அடுத்த கோடைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் விரல் மடக்காமல், மூச்சுவிடாமல் சொன்னார்: ஐஸ் போட்ட பானம் வேண்டாம், வெயிலுக்குள் ஓடி வியர்த்த பிள்ளைக்கு இளஞ்சூட்டுப் பார்லித் தண்ணீர் கொடு. சூட்டில் குளிரைக் குடித்தால் வயிறு மந்தித்துச் சளி கட்டும், அந்தச் சளிதான் மூக்கிலிருந்து காதுக்குப் போகிறது என்று அவர்களுடைய கணக்கு. குளத்தால் வந்ததும் தலையைத் துவட்டு, ஈரத் தலையோடு காரின் யன்னல் காற்றில் இருத்தாதே, பிடரிக்கு ஒரு துணி கட்டு. மூக்கின் இரு பக்கமும் காதுக்குப் பின்னாலும் காலையும் மாலையும் தடவிவிடு. முதுகுக் களிம்பு வருடத்தின் உச்ச வெயில் நாட்களில். குளிர்காலத் தடிமனை அது தடுக்குமாம். "சீனாவில் அது ஜூலை. அம்மா இங்கே வந்தும் ஜூலையில் ஒட்டினவ, இங்கே அது குளிர்காலம், எங்களுக்கு நடுக்கம். நான் ஜனவரிக்கு மாற்றினேன்" என்று சிரித்தார். எங்கள் பஞ்சாங்கத்தோடு நாங்கள் படும் பாடு எனக்கு நினைவு வந்தது. மிஸிஸ் வொங் காசு வாங்கவில்லை.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு யோகம் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் காது டொக்டர் பார்த்தார். இரண்டு சவ்வுக்கும் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது, இடதில் ஓட்டையும் உண்டு. எண்ணெயால் மட்டும் வந்ததல்ல, ஆனால் எண்ணெய் ஆற விடவில்லை என்றார். வலது காதுக்குச் சின்னக் குழாய் வைத்தால் பெரும்பாலும் கேட்கும். இடதைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டாராம். மெல்பேர்னில் செய்விக்கக் கடிதம் தந்தார். பின்தங்கிய வகுப்புக்கு அனுப்பவே வேண்டாம், முன் வரிசையில் இருத்தச் சொல்லுங்கள் என்று அதற்கும் இரண்டு வரி எழுதினார்.

வியாழக்கிழமை, காலை ஏழரை. சென்ட்ரல் நிலையம். யோகம் வழியனுப்ப வந்து, வதனியைக் கட்டிப்பிடித்து, அவள் முகத்துக்கு நேரே "மன்னிச்சுக்கொள் குஞ்சு" என்றாள். யோகம் போனதும் கணவருக்குப் போன் எடுக்கத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். இடம் ஒடுக்கம். வதனியைக் கண்ணாடிக்கு வெளியே, என் கண் பட நிறுத்தினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரியப்பா, அழாதை. வாங்கோ, பாப்பம்" என்றார். எனக்குத்தான் அடங்கவில்லை. "உங்களுக்குத் தெரியுமே, மூண்டு நாளா என்ரை பிள்ளையைப் பாக்க எனக்கே பயமாக் கிடந்தது. பேய் எண்டு நினைச்சன். பக்கத்திலை படுக்கவே பயந்தனான்" என்றேன். சொல்லும்போதெல்லாம் வதனியைப் பார்த்துச் சிரித்துக் கையும் காட்டினேன், பிள்ளை யோசிக்கக் கூடாதே என்று. அவளும் திருப்பிக் கை காட்டினாள்.

ரயில் புறப்பட்டது. மழை பெய்து புகை கரைந்திருந்தது. வரும்போது பயங்கரமாகத் தெரிந்த மரங்கள் இப்போது வெறும் மரங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் இந்நேரம் தெருவில் பத்துப் பேராவது "பிள்ளைக்குக் காது கேக்குதில்லைப் போலை" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். இங்கே யன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிறோம், பிள்ளை கண்ணாடிக்கு அப்பால் நின்று எங்களைப் படித்திருக்கிறது.

கோல்பேர்ன் தாண்டும்போது வதனி என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இப்பவும் என்னைப் பார்க்கப் பயமா?"

முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். உதட்டை நன்றாகத் திறந்து, மெதுவாக, "இல்லையம்மா" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை.

"சரி" என்றாள் வதனி. என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.