தாய்மாமன் மடி

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது முதலில் சொன்னது தங்கையிடம்தான். மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவளும் அவள்தான். தொட்டாலோ, தூக்கினாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ இது ஒட்டாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினாள். அதனால்தான் அவள் போன் பண்ணியபோது எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

அவள் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தப்போகிறார்கள். ஜீயபுரத்தில், மாமியார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில். நான்தான் தாய்மாமன். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதே. உன் விஷயத்தை இவரு அத்தைகிட்ட உளறிட்டாரு. காது குத்துறப்ப ரத்தம் வரும்னு பயப்படுறாங்க. நம்ம பெரியப்பா பையன் மடியில வச்சுக்கட்டும். நீ சீர் மட்டும் கொண்டாந்து வச்சிடு."

"உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். அவங்ககிட்ட என்னால பேச முடியல."

சீர் மட்டும் வேண்டுமாம். நான் வாங்கிய தோட்டுக்கு நோய் இல்லை, என் மடிக்குத்தான் நோய். நல்ல நியாயம்! போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எடமலைப்பட்டி புதூரில் என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. தங்கையின் மாமியார் தன் சொந்தக்காரர்கள் யாரிடமும் என் நோயைச் சொல்லியிருக்க மாட்டார். சம்பந்தி வீட்டில் இப்படி என்று வெளியே தெரிந்தால் அவருக்கல்லவா தலைகுனிவு?

போனேன். நல்ல கூட்டம். எனக்கு முதுகுவலி என்று பெரியப்பா பையனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஆசாரி மணையைப் போட்டு, "தாய்மாமன் யாருங்க? வந்து உட்காருங்க" என்றார். அவன் எழுந்திருப்பதற்குள் நான் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மாமியார் ஓரடி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார். என்னை எழுப்ப வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டுமே. தங்கை குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காதும் குத்தி முடிவதற்குள் என் மருமகள் ஊரையே கூட்டிவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. சந்தோஷம்தான்.

முடிந்ததும் தங்கை குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாமியார் சிரித்த முகமாகவே வந்து அவளிடம் கையை நீட்டினார். "குடும்மா, ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, துணி மாத்திக் கூட்டியாரேன்."

தங்கை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எதுக்கு அத்தை? எங்க அண்ணன் மடியிலதானே உட்கார்ந்துச்சு?" என்றாள், கூட்டத்துக்கே கேட்கும்படி.

மாமியார் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பந்தி பக்கம் நடந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.