இலையின் இடப்பக்கம்

ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சௌகரியம், பந்தியில் சித்தப்பாவின் இடப்பக்கம் உட்காருவது. அரியலூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் ஆபரேஷன் முடிந்து, பெரம்பலூரில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அதிலிருந்து இலையில் வலது பாதியை மட்டும்தான் சாப்பிட்டார். இடது பாதியில் கிடக்கும் வடையை நான் எடுத்துக்கொள்வேன். என்மேல் உள்ள பிரியத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மீசையின் வலப்பக்கத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு வந்தார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் என்று நம்பி விழுந்து விழுந்து சிரித்தேன். “கண்ணு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்று அப்பாவும் நிம்மதியாக இருந்தார்.

தங்கையின் காதுகுத்து விருந்தில் வந்தது வினை. நான் வடைக்குக் கை நீட்டுவதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார்.

“ஏன் அண்ணி, எல்லாருக்கும் வடை வெக்கிறீங்க. எனக்கு மட்டும் ஒருநாளும் வெக்க மாட்டேங்கிறீங்க. நாளையிலேருந்து நான் தனியா பொங்கிக்கிறேன்.”

சாம்பார் வாளியோடு அம்மா அப்படியே நின்றுவிட்டாள். “தம்பி, வச்சிருக்கேனே. இலையிலதான இருக்கு.”

“எங்க இருக்கு? என்னப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

சொந்தக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தார்கள். அவள் அழுதுவிட்டாள். இத்தனை நாள் வடை போன இடம் எனக்குத்தானே தெரியும்!

நுனி இடப்பக்கம் இருக்கவேண்டிய இலையைத் திருப்பிப் போடுவது சாப்பிடுகிறவரை அவமதிப்பது. அது தெரிந்தும், வடை அவர் சாப்பிடும் பக்கம் வரட்டும் என்று இரண்டு கையாலும் இலையைப் பிடித்து அப்படியே சுற்றிவிட்டேன். சாம்பார் வழிந்தது. அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்.

சித்தப்பா மெல்ல உட்கார்ந்தார். வடை, அப்பளம், ஊறுகாய் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே இலையைப் பழையபடி திருப்பினார். குனிந்து தேடினார். மறுபடி சுற்றினார், வடை வந்தது.

“எல்லாம் வச்சிருக்கீங்களே அண்ணி” என்றவர் தேம்பித் தேம்பி அழுதார்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று, வடைக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, “இனிமே எடுக்க மாட்டேன் சித்தப்பா” என்றேன்.

என் குரல் கேட்டதும் அவர் சட்டென்று வலப்பக்கம் திரும்பினார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.