வடக்கே நகர்ந்த பேரீச்ச மரங்கள்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பரீத் புவியியல் நடத்துகிறார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஏரி சார்’. அரேபியப் பாலைவனத்தின் நடுவே என்றைக்குமே இருந்திராத ஓர் ஏரியால் வந்த பெயர் அது.

பழைய வரைபடங்கள்தான் அவருடைய பித்து. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் அச்சான அரேபியப் படங்களை வெளிநாட்டு நூலகங்கள் இணையத்தில் போட்டிருக்கின்றன. அவற்றை இறக்கிப் பெரிதாக அச்செடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிழை தேடுவார். ஒன்றில் தீபகற்பம் பக்கவாட்டில் வீங்கிக் கிடக்கும். இன்னொன்றில் மணலுக்குக் குறுக்கே வைகையைப் போல ஆறு ஓடும். பிழை ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு பண்டம்.

இதைத் தொடங்கி வைத்தவர் மச்சான் ஜுல்பிகர். அக்கா ஷாஹீதாவின் கணவர். தண்ணீர் லாரி ஓட்ட அரபு நாட்டுக்குப் போனவர், ஒரு விடுமுறைக்கு வந்தபோது கம்பெனிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மாதத்துக்கு ஒரு பழைய வரைபடம். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பரீத் அதைத் தரையில் விரித்துப் போட, ஜுல்பிகர் குனிந்து பார்த்துவிட்டு, “என்னடா மாப்ள இது? கத்தார் எங்க? நான் பிளைட் மாறுற ஏர்போர்ட்டு கடலுக்குள்ளல்ல கெடக்கு!” என்றார். படத்தை வரைந்தவர் அந்த நிலமூக்கையே விட்டிருந்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் மச்சான் வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, “புதுசா எந்த ஊரக் கடல்ல தள்ளியிருக்காய்ங்க?” என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கியதில்லை.

அந்த மனிதரின் லாரி ஒரு கோடையில் பாலைவனத்தின் உட்பகுதியில் எங்கோ கவிழ்ந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து போன் செய்தவர் ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான் கிடைத்தது.

கணவர் இறந்தபின் வெளியே வராமல் இத்தாவில் இருந்த ஷாஹீதா தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். “அவரு எங்கடா இருக்காரு? உனக்குத்தான் அந்தச் சீமையெல்லாம் அத்துப்படியாச்சே. எனக்கு ஒரு படம் போட்டுக் குடு.”

கம்பெனிக்கு மறுபடி பேசியிருக்கலாம். பரீத் ஒரு முறை முயன்றார். எடுத்தவன் எரிச்சலோடு வைத்துவிட்டான். இன்னொரு முறை கூப்பிட அவருக்குக் கூச்சமாக இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு சாலையும் சில கூரைகளும் தெரிந்தன. சுற்றிலும் மணல். தாளை எடுத்துச் சாலையை வரைந்தார். ஊர் என்றால் பள்ளிவாசல் இருக்கும், அதை வரைந்தார். அதற்குக் கிழக்கே அடக்கம் செய்யும் கபர்ஸ்தான், சுற்றி ஒரு சுவர். அப்போதும் தாள் வெறிச்சென்று கிடந்தது. அதை அப்படியே அக்கா கையில் கொடுக்க மனம் வரவில்லை. சுவரோரம் மூன்று பேரீச்ச மரங்களை நட்டார்.

“இந்த மரத்துக்குக் கீழதான் வச்சிருக்காங்களாம்க்கா.”

“நெழல் இருக்குல்ல?” என்று கேட்டார் ஷாஹீதா. மௌத்துச் செய்தி வந்ததிலிருந்து கல்லாக இருந்தவர் அப்போதுதான் அழுதார்.

இத்தா முடிந்ததும் ஷாஹீதா அந்தத் தாளை ஆரப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வெள்ளிக்கிழமைகளில் யாசீன் ஓதி முடித்ததும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பரீத் அந்த வீட்டுக்குப் போனால் சுவருக்கு முதுகு காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

வகுப்பில் மட்டும் எதுவும் மாறவில்லை. இந்த வருஷமும் அந்த ஏரியைத் திரையில் காட்டி வழக்கம்போல நீட்டி முழக்கினார். “ஒருத்தன் காதுல கேட்டதை வச்சு ஏரி வரைஞ்சான். அடுத்தவன் அதைப் பாத்து வரைஞ்சான். ஒட்டகத்துல போனவன் திரும்பி வந்து, ஐயா அங்க ஏரியே இல்லைன்னான். படம் போட்டவன் என்ன செஞ்சிருப்பான்? அழிச்சிருப்பானா? கொஞ்சம் வடக்கே தள்ளி வச்சிருப்பான்!” வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், தெரியாத இடத்தை வெறுமையாக விடுவதற்குத் தைரியம் வேண்டும் என்று முடித்தார்.

அக்கா மகள் அப்சானாவைக் கட்டிய யூனுஸுக்கு அதே நாட்டில், கடற்கரை நகரம் ஒன்றில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. புறப்படும்போது ஷாஹீதா மருமகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம் மாப்ள. அவரு கபரை ஒரு தடவை போன்ல காட்டிருங்க. கண்ணால பாத்துட்டன்னாப் போதும்.”

பெருநாள் விடுமுறையில் யூனுஸ் நண்பனின் காரை வாங்கிக்கொண்டு உள்நாட்டுக்குக் கிளம்பினான். ஷாஹீதா தம்பிக்குப் போன் செய்தார். “மாப்ள போயிட்டிருக்கு. நீ வந்துரு. நீதான் வழி சொல்லணும்.”

பரீத் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டு சாதிகா பாயாசத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க வாத்தியாரே! உங்க படத்த நம்பித்தான் மாப்ள போயிருக்கு. வழி தப்புச்சுன்னா உங்க வேலைக்கு ஒல வைக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பரீத் சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

வீடியோ கால் வந்தது. அப்சானா போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யூனுஸ் தெரிந்தான். “மாமா, ஊருக்குள்ள வந்துட்டேன். பள்ளிவாசல் இருக்கு, படத்துல உள்ள மாதிரியே! இங்கனருந்து கெழக்கால தானே?”

“ஆமா மாப்ள.”

கொஞ்ச நேரம் கார் ஓடும் சத்தம். பிறகு, “சொவரும் இல்ல, மரமும் இல்லையே மாமா. இங்க அம்புட்டும் மணலு.”

“நல்லாப் பாருங்க மாப்ள,” என்றார் ஷாஹீதா. “மூணு மரம். ஒண்ணு லேசாச் சாஞ்சிருக்கும்.”

கூடமே பரீத்தைத் திரும்பிப் பார்த்தது.

“அது… இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ப் பாருங்க,” என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வகுப்பில் எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்களோ, அதே இடம். இங்கே யாரும் சிரிக்கவில்லை. சரி மாமா என்று யூனுஸ் வண்டியைத் திருப்பினான். தார்ச்சாலை முடிந்தது. படம் குலுங்கியது. சக்கரம் மணலைச் சீய்க்கும் சத்தம் கேட்டது.

“ஏங்க, ரோட்டை விட்டுப் போவாதீங்க,” என்று அப்சானா கத்தினாள்.

“மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றான் யூனுஸ். அத்தோடு லைன் போய்விட்டது.

திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை. அப்சானா மாமாவின் கையைப் பிடித்தாள். “அந்தப் பக்கந்தானே மாமா? உறுதியாத் தெரியும்ல?”

“தெரியாதும்மா.”

“என்ன தெரியாது?”

“எதுவுமே தெரியாது. ஊரு பேரு மட்டுந்தான் சொன்னாங்க. மரமெல்லாம் நானா வச்சது.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். சாதிகா பாயாசப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்சானா கையை எடுத்துக்கொண்டு போனில் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஷாஹீதா சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடத் தான் யூனுஸிடம் கேட்கவில்லை என்பது பரீத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் மணி அடித்தது. யூனுஸ்தான். முகமெல்லாம் புழுதி, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். “வண்டி பொதஞ்சிருச்சு. நல்லவேளை, பிக்கப்புல வந்த ஆளு இழுத்து விட்டாரு. அவரே கபர்ஸ்தானுக்கும் கூட்டியாந்துட்டாரு. மாமா, நீங்க சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம்! பள்ளிவாசலுக்குத் தெக்க!”



“எது மாப்ள அவரு கபரு?” என்று கேட்டார் ஷாஹீதா.

யூனுஸின் குரல் தணிந்தது. “இங்க பேரு எழுதுற வழக்கம் இல்லையாம் மாமி. தலமாட்டுல ஒரு கல்லு மட்டுந்தான். எது யாருதுன்னு இவருக்கும் தெரியல.”

“மரம்?”

“மரமா? ஒரு செடிகூட இல்ல மாமி. வெட்டவெளி.”

“வெயிலு அடிக்குதா?”

“கண்ணத் தொறக்க முடியல மாமி.”

ஷாஹீதா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். “மெதுவாத் திருப்பிக் காட்டுங்க மாப்ள. ஒரு எடம் விடாமக் காட்டுங்க.” அந்த நிலம் முழுவதுக்குமாக ஸலாம் சொன்னார். உதடு அசைய வெகுநேரம் துஆச் செய்தார். பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினார்.

“இத்தன வருசமா அவர நெழல்ல படுக்க வச்சிருந்தேன்டா.”

“அக்கா…”

“பேசாத.” போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதுல எதுடா அவரு?”

வெளிறிய மண்ணில் சின்னச் சின்னக் கற்கள். கல், இடைவெளி, மறுபடி கல். எதன்மேலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. பரீத்துக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

“தெரியலக்கா.”

“ம்,” என்றார் அக்கா. போனை இறக்கவில்லை. “பாரு.”