பஸ்ராவிலிருந்து வந்த வெண்கலப் பதக்கம்

பெரிய யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் பினாங்கு கோட்டைத் திடலில் சமாதானக் கொண்டாட்டம் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு இனிப்பு ரொட்டியும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறிய பதக்கமும் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பதக்கத்தை மறந்துபோனார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. தலைக்குக் கட்டும் ரிப்பன்களைக் கொடுத்துக் கொடுத்து என் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து இன்னும் ஆறு பதக்கங்கள் வாங்கிச் சேர்த்தேன். ஆறும் ஒரே அச்சு என்பதுகூட எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

வளர்ந்து, கன்னியாஸ்திரீ சிஸ்டர்கள் நடத்திய அதே பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. போர்களுக்காகவும் போருக்குப் போனவர்களுக்காகவும் அடித்த நாணயங்கள், பதக்கங்கள், பட்டாளத்து வில்லைகள், எது கிடைத்தாலும் சேர்ப்பேன். பினாங்கு தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்த ராவுத்தர், கப்பல்காரர்கள் கொண்டுவந்து தள்ளுகிற விநோதக் காசுகளை எனக்கென்று ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். சனிக்கிழமைகளில் போய் அந்த டப்பாவைக் கிளறுவதுதான் எனக்கு வாரத்தின் பெரிய சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டுவந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பஞ்சு விரித்த சுருட்டுப் பெட்டியில் அடுக்குவேன். பினாங்கில் இதைச் செய்கிற பெண் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தக் கர்வம் உடைந்தது தைப்பிங்கிலிருந்து ஒரு புது டீச்சர் வந்தபோது. என்னைவிட நான்கு வயது இளையவள். அவளுடைய அப்பா அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். வந்த வாரமே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானாகவே அவளை வீட்டுக்கு அழைத்து, பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கடைசியில் தயங்கித் தயங்கி, “தேய்க்காம விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்கா. எழுத்தெல்லாம் போயிருச்சு பாருங்க” என்றாள்.

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மாதத்தில் அவளும் சேர்க்க ஆரம்பித்தாள். நான் அலைந்து தேடியவை அவளைத் தேடிக்கொண்டு வந்தன. மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு கிழவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, “இது உனக்காகும்னு கொண்டாந்தேன்லா” என்று எதையாவது நீட்டுவார். ராவுத்தரும் அவளுக்கென்று இரண்டாவது டப்பா ஒன்று வைத்தார். ஒரு சனிக்கிழமை அவர் கொஞ்சம் அசந்த நேரத்தில் அந்த டப்பாவுக்குள் பார்த்தேன். என்னுடையதைவிட நல்ல சரக்கு. அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். நடந்து வரும் வழியெல்லாம் அவள் சிரிக்கிற விதத்தையும், பேசும்போது எதிரே இருப்பவர் பக்கமாகச் சாய்கிற விதத்தையும் நினைத்து நினைத்துக் குமைந்தேன். நடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடிக்கவில்லை என்பதும் தெரியும்.

எங்கள் பள்ளியைப் பெருக்கித் துடைக்க ஓர் ஆயா இருந்தார். ஜெலுத்தோங்கில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசையில் வீடு. ஆறு வருஷமாகத் தினம் காலையில் என் மேசையைத் துடைத்தவர். அவருடைய கணவர் என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. புது டீச்சர் வந்த மூன்றாம் மாதம் கேட்டாள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் என்பதும், யுத்த காலத்தில் கூலியாட்கள் படையில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போய் அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கப்பல் சாமான் இறக்கியவர் என்பதும், அதற்காகக் கிடைத்த பதக்கத்தை இன்னும் வைத்திருக்கிறார் என்பதும் அப்படித்தான் வெளியே வந்தன.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெலுத்தோங்குக்குப் போக ஆரம்பித்தாள். பலகையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாளாம். பஸ்ராவின் சூடு, பேரீச்சம் மரங்கள், காய்ச்சலில் செத்த கூட்டாளிகள், அவர்களைப் புதைத்த மணல். நாலைந்து வாரம் கேட்டு எழுதியவளிடம் அவர் பதக்கத்தை எடுத்துக் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து முதலில் என்னிடம்தான் காட்டினாள். பட்டாளத்துச் சிப்பாய்களின் வெள்ளிப் பதக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். இது அதே அச்சில், கூலியாட்கள் படைக்கென்று வெண்கலத்தில் அடித்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் குதிரைமேல் ஓர் ஆள். விளிம்பைச் சுற்றி அவருடைய பெயரும் எண்ணும் பொறித்திருந்தன. கறுத்துக் கனமாக இருந்தது. என் உள்ளங்கையில் வைத்தபோது திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்று மத்தியானம் ஆயா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்துத்தான் போனேன்.

“அந்தப் பதக்கத்தை டீச்சர் சிங்கப்பூர்ல ஒரு துரைக்கு வித்துருவாங்க போல. உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கே அதுல. எதுக்கும் சொல்லி வைப்போம்னு சொன்னேன்.”

ஆயா துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். அப்படியா டீச்சர் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மணி அடிக்கும் நேரத்துக்கு அவருடைய கணவர் பள்ளி கேட் அருகே வந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. நல்ல உயரமான மனிதர், கூச்சத்தில் குறுகி நின்றார். புது டீச்சரை வரச்சொல்லி, மன்னிக்க வேண்டும், பதக்கம் திரும்ப வேண்டும் என்றார். அவள் காரணம் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பையிலிருந்து எடுத்துவந்து இரண்டு கைகளாலும் கொடுத்தாள். சிஸ்டர்களும் மற்ற டீச்சர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன். என் மனசில் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் மெதுவாக.

அதன் பிறகு அவள் ஜெலுத்தோங்குக்குப் போகவில்லை. என்னோடு பழகியதில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் எனக்குப் பிடித்த மிளகாய்ச் சம்பால் நெத்திலியை என் தட்டில் வைப்பாள்.

அப்போது ரப்பர் விலை விழுந்து எங்கும் வேலை இல்லை. துறைமுகத்திலும் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவில் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆயா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை கப்பல், இனித் திரும்பி வருவதாக இல்லை என்றார். முந்தானையிலிருந்து அந்தப் பதக்கத்தை எடுத்தார்.

“வழியில எவனாவது புடுங்கிக்குவான்னு அவருக்குப் பயம். நீங்க வச்சுக்குங்க டீச்சர். நீங்கதானே அன்னிக்கு எங்களுக்கு நல்லது சொன்னீங்க.”

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது, சொல்லவில்லை. சுருட்டுப் பெட்டியின் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தேன். அன்றும் மறுநாளும் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இதன் அருமை தெரிந்த ஆள் பினாங்கிலேயே ஒருத்திதான் இருக்கிறாள், அவளிடம் இதைக் காட்ட முடியாது. விளிம்பில் இருந்த பெயரைத் தவிர அந்த மனிதரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மற்றதெல்லாம் அவளுடைய நோட்டில் இருந்தது. பதக்கம் என் கையில் இருந்தபோதும் அவள்மேல் இருந்த பொறாமை கொஞ்சமும் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதக்கத்தையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“தெரியும்கா. நீங்கதான் சொன்னீங்கன்னு ஆயாம்மா அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்கன்னும் சொன்னாங்க.”

நாலு மாதமாக அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நெத்திலியை என் தட்டில் வைத்திருக்கிறாள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கேட்டால் நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு பதக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் ஊரில் போய் இறங்கினால் இத்தனை வருஷம் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று காட்ட வேறு என்ன இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றாள்.

திங்கட்கிழமை காலையில் சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே ரிக்‌ஷாவில் துறைமுகத்துக்குப் போனோம். மூட்டையும் பானையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆயாவின் கணவரை அவருடைய உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கொடுக்க வேண்டியது நான்தான் என்று அவள் வழியிலேயே சொல்லியிருந்தாள். கொடுத்தேன். அவள் விற்பாள் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். ஆயா என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையின் கயிற்றை இறுக்கினார். அவருடைய கணவர் மட்டும் பதக்கத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சரிம்மா” என்றார்.

அதோடு என் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் தன் ஊர் எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போக வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். பஸ்ராவில் செத்த கூட்டாளி ஒருவனின் பெயரை நோட்டில் தப்பாக எழுதிவிட்டாய் என்று சொல்லித் திருத்தச் சொன்னார். அவள் நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வரிசை நகர நகர அவளும் பக்கத்தில் நடந்துகொண்டே எழுதினாள். நான் ரிக்‌ஷா அருகில் வெயிலில் நின்று அவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்த தவறைச் சொல்லிவிட்டதில் பாரம் இறங்கியிருந்தது. ஆனாலும், அவர் ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பிப் பேசமாட்டாரா என்றுதான் அந்த நேரம் முழுக்க இருந்தது.