பாட்டே இல்லாத படம்

லியோட்டாவுக்குப் பாட்டுப் படம் என்றால் உயிர். பேசும் படம் வந்த புதிது அது. ஹாலிவுட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளுக்குப் பரிமாறும் வேலை. மத்தியானக் கூட்டம் கலைந்ததும் தியேட்டருக்கு ஓடிவிடுவாள். கதை என்று பெரிதாக இருக்காது. பணக்காரப் பையன், ஏழைப் பெண், நடுவில் வழுக்கி விழ ஒரு குண்டு மாமா. ரயிலைத் தவறவிட்டாலும் பாட்டு, முட்டை உடைந்தாலும் பாட்டு. பாடும் நட்சத்திரங்கள் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார்கள் என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்ப்பாள். மறுநாள் தட்டுக் கழுவும்போது அதே இடத்தில் மூச்சு எடுத்துப் பாடுவாள்.

"போதும்டி, பால் திரிஞ்சிடப் போவுது" என்பாள் அக்கா தோரா. இருவரும் வடக்கே டகோட்டாப் பனியை விட்டு ஒன்றாக வந்தவர்கள். கடையிலும் ஒன்றாகத்தான் வேலை.

ஸ்டூடியோவில் ஆள் எடுக்கும்போதெல்லாம் லியோட்டா போய்க் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் நின்று பாடிவிட்டு வருவாள். ஒருநாள் டைரக்டருக்கு நிஜமான பரிமாறுகிற பெண்ணின் முகம் தேவைப்பட்டது. ஒரு சரணம் முழுக்க அவளுக்கே. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். கேமராவின் இரைச்சலும் பதிவாகாதிருக்க, கேமராக்காரர் கேமராவோடு ஒரு பெட்டிக்குள் அடைபட்டு வெந்துகொண்டிருந்தார். விளக்குச் சூட்டில் வேர்வை கண்ணில் இறங்க, பக்கத்தில் வாத்தியக் கோஷ்டி வாசிக்க, ஒரே மூச்சாகப் பாடி முடித்தாள். வயலின்காரர் வில்லால் ஸ்டாண்டை மெல்லத் தட்டிப் பாராட்டினார். அந்தத் தட்டலை வீடுவரை சுமந்து வந்தாள்.

"படம் வரட்டும்க்கா. அப்புறம் பேசு."

"வரட்டும், வரட்டும். கடையில எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

படம் தயாராவதற்குள் காற்று திசை மாறிவிட்டது. எல்லா ஸ்டூடியோவும் பாட்டாகக் கொட்டியதில் ஜனங்களுக்குத் திகட்டிப்போயிற்று. வெளியிடுமுன் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் புறநகர்த் தியேட்டர் ஒன்றில் போட்டுப் பார்ப்பது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பின்னால் நின்று கவனிப்பார்கள். உடையலங்காரக்காரி ஒருத்தி காதைக் கடித்ததால், கிளெண்டேல் என்ற புறநகருக்கு டிராம் ஏறி லியோட்டா தனியாகப் போனாள்.

திரையில் அவள் தட்டோடு வந்து வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"ஐயோ, இவளுமா ஆரம்பிச்சிட்டா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். கால்கள் தரையை உதைக்க ஆரம்பித்தன. பக்கத்து இருக்கைப் பெண் வேர்க்கடலை வாயோடு அவளை இடித்தாள். "வாலை மிதிச்ச பூனை மாதிரி இல்ல?"

திரும்பிப் பார்த்தால் முகம் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் லியோட்டா சிரித்தாள். ஒருமுறை சிரித்ததும் நிறுத்த முடியவில்லை. அந்த வரிசையிலேயே அவள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

படம் ஊருக்கு வந்த அன்று தோரா சொன்னபடியே கடைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் பெரிய பலகை: 'பயப்படாதீர்கள், இதில் பாட்டே கிடையாது.' தோரா இரண்டு முறை படித்தாள். உள்ளே, திரையில் லியோட்டா தட்டோடு வந்தாள், வாயைத் திறந்தாள். அடுத்த கணம் குண்டு மாமா வழுக்கி விழுந்தார். தியேட்டரே அதிர்ந்தது.

வெளியே வந்ததும் தோரா கேட்டாள்: "உண்மையிலேயே பாடினியாடி?"

"பாடினேன்க்கா."

"அப்ப ஏன் வெட்டினானுங்க?"

"எங்கேயோ போட்டுப் பாத்தாங்களாம். ஜனங்க சிரிச்சாங்களாம்."

வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்த தோராவுக்கு முகம் சிவந்துவிட்டது. நடைபாதையிலேயே நின்று கத்தினாள். "எவ சிரிச்சாளோ அவ வாய் அழுகிப் போக! என் தங்கச்சி பாட்டக் கேட்டுச் சிரிச்சவ நல்லாயிருப்பாளா?"

கடைப் பெண்கள் ஆமாம் போட்டார்கள். லியோட்டா கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாட்டுப் படத்துக்கும் போகவில்லை, தட்டுக் கழுவும்போது பாடவும் இல்லை. சில சாயங்காலங்களில் தோராதான் ஆரம்பிப்பாள்.

"பால் எல்லாம் காலியாயிடுச்சுடி. இப்பப் பாடேன்."

லியோட்டா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவாள்.