குட்டிக்கரடி கையசைத்த காட்சி

தோக்கியோவின் அந்தக் கார்ட்டூன் கூடத்தில் மிசாவோவுக்கு இரண்டு வேலை. செல்லுலாய்டு தாளில் வண்ணம் பூச வேண்டும். படம்பிடித்தபின் அதே தாளைத் தொட்டியில் கழுவி அடுத்த காட்சிக்குத் தர வேண்டும். செல்லுலாய்டு சரக்கெல்லாம் வெடிமருந்து செய்யப் போய்விட்ட காலம், புதுத் தாளுக்கு எங்கே போவது?

படங்களை வரைபவன் அவள் கணவன் தொகுஜிரோ. கரடிக்குட்டிகள் எதிரிக் கப்பலை மூழ்கடிக்கும் கூத்து, கடற்படைக்காக. அது முடியும்வரை அவனைப் போருக்கு அழைக்க மாட்டார்கள். முடிந்தால் படையில் சேரச் சொல்லும் சிவப்புச் சீட்டு வீடு தேடி வந்துவிடும்.

"இன்னும் எத்தனை காட்சிங்க?"

"ஒண்ணுதான். குட்டி அம்மாவுக்குக் கையசைக்கிறது. நாளைக்கு ஆரம்பிச்சா நாலு நாள்ல படம்பிடிச்சிடுவாங்க. ஏன் மூஞ்சி சுருங்குது?"

"சும்மா கேட்டேன்."

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். அந்தக் கடைசிக் காட்சிக்காக வண்ணம் பூசி, கேமராவுக்குக் காத்திருந்த நாற்பது தாள்களையும் மிசாவோ தொட்டியில் போட்டாள். மறுபடி பூசப் பத்து நாளாகும். பத்து நாளாவது அவர் என்னோடு இருக்கட்டும், பாழாய்ப்போன போர் காத்திருக்கட்டும்!

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று கத்தினார் மேலாளர் கொதேரா. "படம்பிடிக்காததைப் போய்க் கழுவி வச்சிருக்கியே!"

"தெரியாம நடந்துபோச்சுங்க." தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் தாளை மாற்றிப் போட்டதில்லை. தொகுஜிரோ அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் கடற்படை அதிகாரி வந்தார்.

"என்ன காட்சி போச்சு?"

"குட்டி அம்மாகிட்ட விடைபெறுறதுங்க," என்றார் கொதேரா, வியர்வையைத் துடைத்தபடி.

"அந்த அழுகாச்சி எதுக்கு? போனதே நல்லதாப் போச்சு. இருக்கறதை ஒட்டுங்க. நாளைக்கே படம் என் கைக்கு வரணும்."

மிசாவோ அதிகாரி முன்னால் ஓடி வந்தாள். "ஐயா, ராப்பகலா உக்காந்து நானே பூசித் தந்துடறேன்!"

"வேணாம்னா விடும்மா."

மூன்றாம் நாள் சிவப்புச் சீட்டு வந்தது.

ரயில் நிலையத்தில் அவள் தேம்பினாள். "நான் சும்மா இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்திருப்பீங்களே..."

"நீ ஏன் கழுவினேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். போ, வீட்டுக்குப் போ, அசடு."

ரயில் நகர்ந்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தான். அவளுக்குக் கை எழவே இல்லை. எத்தனை தடவை அசைத்தான் என்று மட்டும் எண்ணிக்கொண்டே நின்றாள்.