போர்வைக்குள் இருந்த கூறை

பழைய கைத்தையல்களைப் படமெடுத்து விவரம் எழுதிவைப்பதற்காகத் தேனுகா வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். ஸ்கந்தபுரத்தில் விமலேஸ்வரியிடம் துண்டுத் துணிகளால் தைத்த போர்வை ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

போர்வையைப் பாயில் விரித்து அளந்தாள். நீளம் ஐந்தடி. மேலே முப்பத்திரண்டு துண்டுகள், அடியில் இடுப்பில் கட்டும் பழைய சாரம், ஓட்டத் தையல். ஒவ்வொரு துண்டையும் தொட்டு யாருடையது என்று கேட்டாள். இது தங்கச்சியின் பாவாடை, இது அவருடைய சேட்டு என்று சொல்லச் சொல்ல விமலேஸ்வரிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. தேனுகா அதை விரலால் விலக்கினாள். இரண்டு துணிக்கும் நடுவில் சரிகைக் கரையோடு சிவப்புப் பட்டு.

“அன்ரி, இது கலியாணக் கூறையெல்லோ? ஏன் உள்ளுக்கு வைச்சுத் தைச்சனீங்கள்?”

“என்ர கூறைதான் பிள்ளை. வெளியில போட்டால் பழுதாப்போடும் எண்டு...”

தேனுகா அப்படியே எழுதிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் விமலேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஞானேஸ்வரியின் கூறை. தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து, அவளும் விமலேஸ்வரியும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தார்கள். விமலேஸ்வரியின் பிள்ளைக்குப் பால்மா இல்லை. ஞானேஸ்வரி குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து விமலேஸ்வரி அதை எடுத்தாள். விற்கலாமென்று பார்த்தால் வாங்க ஆளில்லை. பயம் பிடித்துக்கொண்டது. துண்டாக வெட்டிப் போர்வைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

பழி ராஜினியின் தலையில் விழுந்தது. அவள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். ஞானேஸ்வரிக்கு மாவிடித்துக் கொடுக்க வருவாள். “தோட்டத்தில இருந்து வந்ததுகளை உள்ள விட்டது என்ர பிழை!” என்று ஞானேஸ்வரி ஊர்கூடக் கத்தினாள். ராஜினி தன் தகரப்பெட்டியைத் தூக்கிவந்து எல்லார் முன்னாலும் நிலத்தில் கொட்டிக் காட்டினாள். விமலேஸ்வரி அந்தப் போர்வையால் சுற்றிய பிள்ளையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஞானேஸ்வரி கனடா போய் அங்கேயே செத்துப்போனாள். ராஜினி இன்றைக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.

பின்னேரம் விமலேஸ்வரி அங்கே போனாள். ராஜினி கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ராஜினியின் கை நின்றது.

“அப்ப நீங்களும் அங்கதானே நின்னீங்க?”

“ஓம்.”

“அதுக்கப்புறம் ஒருத்தர் வீட்டுக்குள்ளயும் நான் கால் வைக்கல. தெரியுங்களா?”

விமலேஸ்வரிக்குத் தெரியும். கலியாண வீடுகளில் ராஜினி வெளிப்பந்தலோடு நின்றுவிடுவதை இத்தனை வருடமும் பார்த்திருக்கிறாள்.

ராஜினி அவளை இருக்கச் சொல்லவில்லை. விமலேஸ்வரி திரும்பி வந்து தேனுகாவுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, நான் பொய் சொன்னனான். அது களவெடுத்தது. ராஜினியில பழி போட்டவை எண்டதையும் எழுதுங்கோ.”

தேனுகா திருப்பிக் கேட்டாள்: “அவவின்ர பேரை எழுதலாமோ எண்டு அவவிட்டயே கேட்டனீங்களோ?”

விமலேஸ்வரி கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

காலையில் மறுபடி வாய்க்காலைக் கடந்துபோய், பேரை எழுதலாமோ என்று கேட்டாள். ராஜினி வேலிப் படலையைத் திறக்காமலே சொன்னாள்:

“என் பேரு வேணாம். உங்க பேர மட்டும் எழுதச் சொல்லுங்க.”

விமலேஸ்வரி தேனுகாவிடம் அப்படியே எழுதச் சொன்னாள்.